வீட்டுக்குள் கொட்டிய தூரம்

என் வீட்டுக் கூடத்துக்கும் உள்ளறைக்கும் நடுவே பதினோரு கிலோமீட்டரைக் கொண்டுவந்து கொட்டியது நீங்கள்தான். வேறு யாரும் இல்லை.

நகராட்சியில் உட்கார்ந்து திட்டம் போட்டீர்கள். புகை குறையவேண்டும், யாரும் வண்டியை எடுக்கக்கூடாது, அதனால் எல்லாம் கிட்டத்தில் இருக்கவேண்டும் என்றீர்கள். பள்ளிக்கூடம், சந்தை, ஆஸ்பத்திரி எல்லாவற்றையும் நகர்த்தி ஒட்டி வைத்தீர்கள். நல்ல காரியம்தான். ஆனால் நடுவிலிருந்து உருவிய தூரத்தை எங்காவது போட்டுத்தானே ஆகவேண்டும்? உங்கள் வரைபடத்தில் என் வீடு காலிமனை.

உள்ளறையில் என் மனைவி பாவாத்தாள் படுத்திருக்கிறாள். ஒரு பக்கம் கை கால் விழுந்துவிட்டது. அடுப்பும் தண்ணீர்க் குழாயும் கூடத்துப் பக்கம். ஆஸ்பத்திரி இப்போது என் வாசற்படியை ஒட்டி நிற்கிறது. டாக்டரம்மா கூடம்வரை வந்தார், நெற்றிக்குமேல் கையை வைத்து உள்ளே பார்த்தார். "அவ்வளவு தூரம் தூக்கிட்டு வந்தா தாங்கமாட்டாங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். வீட்டுக்குள் மோட்டார் வண்டிக்குத் தடை என்று நீங்கள் பலகை நட்டிருப்பதால் கஞ்சியைத் தூக்குப்போசியில் ஊற்றிக்கொண்டு நடந்தேன்.

பக்கத்துத் தையல்கடை ஆறுச்சாமி தினமும் கேட்பான். "ஏனுங்கண்ணா, கஞ்சி இன்னிக்காச்சும் சூடா போய்ச் சேருமுங்களா?"

"எதிர்காத்து இல்லீன்னா சேரும். நீ உன்ற பொத்தானைத் தைடா."

நான் மாட்டுத் தரகன். சந்தையில் உதை வாங்கி வாங்கித் தொழில் பழகியவன். நீங்கள் சைக்கிளில் விசாரணைக்கு வந்தபோது, துண்டை விரித்து அதற்கடியில் உங்கள் கையைப் பிடித்தேன். எங்கள் பேரம் விரலில்தான் நடக்கும். முறையைச் சொல்லிக்கொடுத்தேன். நீங்களும் ஐந்து விரலை அழுத்தினீர்கள், ஐந்து கிலோமீட்டரைத் திரும்ப எடுத்துக்கொள்வதாக.

"கட்டாதுங்க" என்று கையை உதறிவிட்டு நடந்தேன்.

முதல் விலைக்கு ஒத்துக்கொள்கிற தரகன் எந்தச் சந்தையிலும் கிடையாது. உதறினால் எதிராளி பின்னாலேயே ஓடிவந்து தோளைப் பிடித்து இழுக்கவேண்டும். நான் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன். சைக்கிள் மணிச் சத்தம்தான் கேட்டது. எனக்கு விருப்பமில்லை என்று ஆபீசில் சொல்லிவிட்டீர்களாம்.

பிறகு தெற்கு வார்டையும் நெருக்கினீர்கள். அந்தத் தூரமும் இங்கேயே வந்து விழுந்தது. இப்போது போசியோடு கிளம்பினால் கட்டிலே கண்ணுக்குத் தெரிவதில்லை. கஞ்சி புளித்ததும் திரும்பிவிடுகிறேன்.

அவள் சத்தம் மட்டும் வருகிறது. இன்று காலை, "ஏனுங், கொஞ்சம் வெந்நீர்" என்றாள். பின்னாலேயே ஆடிக் காற்றில் ஜன்னல் அடித்துக்கொள்ளும் சத்தமும் வந்தது. ஆக, அவள் அதை ஆடியிலேயே கேட்டிருக்கிறாள். இப்போது தை. அடுப்பைப் பற்றவைத்துவிட்டேன்.

அவளுடைய மிச்சச் சத்தமெல்லாம் இன்னும் வழியில் நடந்து வந்துகொண்டிருக்கிறது. அது தீர்வதற்குள் வந்து உங்கள் தூரத்தை அள்ளிக்கொண்டு போங்கள்.