பூட்டாத கூடம்

கைரவான் ஊரில் எங்கள் வீட்டில் ஒரு கூடம் உண்டு. அதில் நாங்கள் உட்கார்ந்ததே இல்லை. என் மனைவி சல்வா தன் வாத்தியார் சம்பளத்தில் வாங்கிய நீல வெல்வெட் சோபாக்கள் பதினோரு வருடமாக பிளாஸ்டிக் உறைக்குள் விருந்தாளிக்காகக் காத்திருந்தன. வருகிறவர்களோ சொந்தக்காரர்கள், நேரே சமையலறைக்குப் போய்விடுவார்கள்.

இந்தக் கோடையில் மஹ்தியா ஊர்க் குடும்பம் ஒன்றோடு ஒரு வாரம் வீடு மாற்றிக்கொள்ள சல்வா ஏற்பாடு செய்தாள். அவர்களுக்கு எங்கள் ஊர் மீலாது விழா, எங்களுக்குக் கடல். சாவிக்குச் சாவி.

சேதி கேட்டு என் அண்ணன் முக்தார் வந்து நின்றார்.

"டேய் லம்ஜத், எவனோ வந்து உன் கட்டில்ல படுப்பான். ரோஷம் இல்ல உனக்கு?"

"இருந்துச்சுண்ணே. இந்த வெயில்ல உருகிப்போச்சு." வீரமான பதில்தான். தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்.

"கூடத்தையாவது பூட்டிச் சாவிய எங்கிட்ட குடு. இல்லேன்னா இந்த வாசல்ல கால் வைக்க மாட்டேன்."

அண்ணன் குரல் உயர்ந்தால், முப்பத்தொன்பது வயதிலும், என் கை தானாக எதையாவது எடுத்துக் கொடுத்துவிடும். பாதி வழியிலேயே சல்வா சாவியைப் பிடுங்கினாள்.

"கூடம் விருந்தாளிக்குத்தானே மச்சான்? இப்பத்தான் வர்றாங்க. பூட்ட மாட்டேன்."

"அப்ப நான் வரமாட்டேன்!"

"உங்க இஷ்டம். வந்தா காபி உண்டு."

மஹ்தியா வீட்டுக் கூடத்து ஜன்னல் நிறையக் கடல். கதவு திறந்தே கிடந்தது. நாங்கள் வாசல்வரை போய் எட்டிப் பார்த்தோம். பிறகு சமையலறையில் பாய் விரித்து, சுவரைப் பார்த்தபடி மத்தி மீன் தின்றோம். நான்கு நாள்.

"கடல் அந்த ரூம்லல்லப்பா இருக்கு?" என்றாள் மகள் யுஸ்ர்.

"அது விருந்தாளிக்கும்மா."

"நாம யாரு?"

நல்லவேளை, போன் வந்தது. மஹ்தியாக்காரி ஹிந்தா, எங்கள் வீட்டிலிருந்து.

"கவலப்படாதீங்கக்கா. உங்க கூடத்துல நாங்க காலே வைக்கல. சமையக்கட்டுலயே இருந்துக்கறோம்."

சல்வாவுக்கு முகம் சிவந்தது. "அதுக்கா நான் மச்சானோட சண்ட போட்டேன்? எந்திரிம்மா! உறையக் கிழிச்சுப்போட்டு உக்காரு. நானும் இங்க உக்கார்றேன்!"

போனைக் காதில் வைத்தபடியே கூடத்துக்குள் நடந்து, சோபாவில் சம்மணம் போட்டாள். ஊர் திரும்பும்வரை நாங்கள் அங்கிருந்து எழவில்லை.

வீட்டுக்கு வந்தால், உறை மடித்து வைத்திருந்தது. வெல்வெட்டில் உள்ளங்கை அகலத்துக்குத் தேநீர்க் கறை. பக்கத்தில் ஒரு பெட்டி மக்ரூத் இனிப்பும் மன்னிப்புக் கடிதமும். சல்வா கறையைத் தடவிப் பார்த்தாள். உறையை எடுத்துக் குப்பையில் போட்டாள்.

மறுநாளே அண்ணன் வந்துவிட்டார். வாசலுக்கு வெளியே நின்று கழுத்தை மட்டும் உள்ளே நீட்டினார்.

"பாத்தியா? கறை! நான் சொன்னேன்ல?"

"ஆமா மச்சான், விருந்தாளி வந்தாங்க." சல்வா காலைத் தூக்கி சோபாமேல் வைத்துக்கொண்டாள். "அடுத்த வருஷமும் வருவாங்க."

அண்ணன் என்னைப் பார்த்தார். என் கை சட்டைப்பைக்குப் போனது. அதை அங்கேயே பிடித்து வைத்தேன்.

"காபி ஆறுதுண்ணே. செருப்பக் கழட்டிட்டு வாங்க."

ஒரு செருப்பைக் கழற்றினார்.

"எங்கடா உக்கார்றது?"

"கறைமேலயே உக்காருங்க," என்றேன். "மறைஞ்சுரும்."