சோதனை நாளுக்கான அப்பா

இன்று தரச் சோதனை என்பதால் குளியலறையைக் காலையிலேயே என் கட்டிலுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்துவிட்டார்கள். மற்ற நாட்களில் அது இரண்டு தெரு தள்ளி இருக்கும். வீட்டுக்கே ஆள் அனுப்பிப் பெரியவர்களைப் பார்த்துக்கொள்ளும் நிறுவனங்களுக்கு விதி அப்படி. கட்டிலிலிருந்து குளியலறை ஒன்பது அடிக்கு மேல் போகக் கூடாது.

கவனிக்கப்படுபவர் விழக் கூடாது என்பது இன்னொரு விதி. தை மாதத்திலிருந்து நான் ஆறு முறை விழுந்தேன். ஆறையும் கீழ்வீட்டுக்காரர் பெயரில் எழுதிவிட்டார்கள். நான் விழுந்தால் அவர் நொண்டுவார். நல்ல மனிதர். ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை.

எனக்கு இருந்தது ஒரே ஆசை. இடுப்புக்குக் கீழே படுக்கைப் புண் இருக்கிறது, உள்ளங்கை அகலத்துக்கு. அதை அதிகாரியிடம் காட்டிவிட வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும் என்பதும் விதிதான். அந்த விதியை அற்புதம் சுவரில் ஒட்டியிருக்கிறாள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை தவறாமல் சுவரைத் திருப்பி வைக்கிறாள்.

நான்கு வருடமாக என்னைப் பார்த்துக்கொள்கிறவள் அவள். அவளை நம்பினேன். அது என் புத்தி.

ஒன்பதரை மணிக்கு அவள் ஒருவரைக் கையைப் பிடித்து அழைத்து வந்தாள். என் வேட்டி, என் சட்டை, என் கண்ணாடி. கன்னம் மட்டும் என்னுடையதைவிடச் செழிப்பு.

"எந்திரிங்கய்யா. இவர் படுக்கணும்."

"யாரு இவரு?"

"நீங்கதான்."

நான் எடை அளவுத் துறையில் முப்பது வருடம் முத்திரை குத்தியவன். சோதனைக்குப் போனால் காட்டுவதற்கென்றே கடைக்காரர்கள் ஒரு நல்ல எடைக்கல்லைத் துணியில் சுற்றி வைத்திருப்பார்கள். வியாபாரம் நடப்பது வேறு கல்லில். யாரிடம் காது குத்துகிறார்கள்?

"உங்க பேரு?" என்று அவரிடமே கேட்டேன்.

"சிதம்பரநாதன். பத்து மணிலேருந்து ஒரு மணி வரைக்கும்."

என்னைச் சமையலறையில், சிலிண்டருக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார வைத்தார்கள். என் மகள் பூங்கொடி காபி ஆற்றிக்கொண்டிருந்தாள். "கொஞ்ச நேரம்தாம்ப்பா. சத்தம் போடாதீங்க" என்றாள். காபியை அவருக்கு எடுத்துப் போனாள்.

அதிகாரியம்மா வந்தார். டேப் வைத்து அளந்தார். எட்டே முக்கால் அடி. கட்டிலில் படுத்திருந்தவரின் இடுப்பைப் பார்த்தார். பளிச்சென்று இருந்தது. புண் இல்லை என்று எழுதிக்கொண்டார்.

"நல்லா பாத்துக்கறாங்களா?"

"பெத்த தாய்கூட இப்படிப் பாக்கமாட்டா."

அற்புதம் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நிஜக் கண்ணீர். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

எழுந்து போனேன். நடக்க நடக்கக் கூடம் பின்னால் போய்க்கொண்டே இருந்தது. வழியில் ஒருமுறை விழுந்தேன். கீழ்வீட்டில் யாரோ "ஐயோ" என்றார்.

"அம்மா, நான்தான் சிதம்பரநாதன். இதைப் பாருங்க." வேட்டியை இறக்கிக் காட்டினேன். வெட்கம் பார்க்கிற வயதா?

அதிகாரியம்மா குனிந்து பார்த்தார். அக்கறையோடுதான் பார்த்தார்.

"மோசமான புண்ணு. உடனே கவனிக்கணும். எந்த வீடு?"

"இந்த வீடுதாம்மா."

"இந்த வீட்ல புண்ணு இல்லையே. எழுதியாச்சே."

"என் பொண்ணைக் கேளுங்க."

பூங்கொடி என்னைப் பார்த்தாள். மூன்று வயதில் அவளுக்கு டைபாய்டு. பதினொரு நாள் மார்பில் போட்டுக்கொண்டு கூடத்திலேயே நடந்தவன் நான். அதைச் சொல்லிக்காட்டக் கூடாது என்று இதுவரை வாயைத் திறந்ததில்லை.

"உங்க அப்பா யாரும்மா?"

அவள் கட்டிலைக் காட்டினாள்.

"அப்ப இவரு?"

"தெரியல மேடம். கீழ்வீட்டுக்கு வந்தவரா இருக்கும்."

பெற்ற வயிறு பற்றி எரியும் என்பார்கள். இவளைப் பெற்றது இவள் அம்மா. எரிந்தது என் வயிறு.

நூற்றுக்கு நூறு கொடுத்துவிட்டு அதிகாரியம்மா போனார். அற்புதம் அவரை வழியனுப்பப் போனாள். குளியலறையும் கூடவே போனது. மணி ஒன்று அடித்தது. கட்டிலில் இருந்தவர் எழுந்திருக்கவில்லை.

"ஒரு மணி ஆச்சே சார்."

"நூறு வந்திருச்சு. இனிமே ஆளை மாத்தினா தரம் கொறஞ்சிடுமாம். உங்க பொண்ணு கையெழுத்துப் போட்டுடுச்சு."

கெட்டவர் இல்லை. தள்ளி இடம் விட்டார். என்னை ஒருக்களித்துப் படுக்கச் சொன்னார். பஞ்சை நனைத்துப் புண்ணைத் துடைத்தார், விரலாலேயே களிம்பு போட்டார். நான்கு வருடத்தில் அங்கே பட்ட முதல் கை. வாய்விட்டு அழுதேன்.

சமையலறையிலிருந்து குரல் வந்தது. "அப்பா, சாப்பிட வாங்க. ரசம் ஆறிடும்."

"வரேம்மா" என்றோம் இருவரும்.

பூங்கொடி வாசல்படிக்கு வந்து நின்றாள். அப்படி ஒரு பாசம் அவள் முகத்தில்.

"கையக் கழுவிட்டு வாங்கப்பா. மருந்து வாடை."

என் கை சுத்தமாக இருந்தது.