கல்லீரலுக்குள் தண்ணீர் கட்டியவள்

குழந்தையம்மாள் செத்துப் பத்து மாதம் ஆகியும் தன் கல்லீரல் துண்டுக்குள் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தாள். அவிநாசி ரோட்டை ஒட்டிய ஆராய்ச்சிக்கூடம் ஒன்றில், கம்ப்யூட்டர் திரையில் இதை முதலில் பார்த்தவள் சாய்ப்ரியா. நோயாளியிடமிருந்து வெட்டியெடுத்த துண்டைத் தாளைவிட மெல்லிசாகச் சீவி, புள்ளி புள்ளியாக அடையாளம் போட்ட கண்ணாடியில் ஒட்டிவிடுவார்கள். எந்தப் புள்ளியில் எந்த மரபணு வேலை செய்கிறது, எது சும்மா கிடக்கிறது என்று கணக்குப் பார்த்து, நிறம் கொடுத்து வரைபடமாக்குவது அவள் வேலை. நோய்ச் செல்லுக்குக் கறுப்பு. மரபணுவை மெஷின் படிக்கும்போதே துண்டு கரைந்துவிடும். மிஞ்சுவது படம் மட்டும். அந்தப் படத்தில் ஒரு மஞ்சள் புள்ளி காலையில் ஒரு பக்கமும் மதியத்தில் வேறு பக்கமும் இருந்தது. மெஷின் சூடாகியிருக்கும், ஏசியைக் கூட்டு என்றார் கூடத்தின் தலைவர் கோவிந்தராஜுலு. ஏசியைக் கூட்டியும் புள்ளி நடந்தது.

தொண்டாமுத்தூரிலிருந்து குழந்தையம்மாளின் புருஷன் பாலுசாமி பஸ் ஏறி வந்தது அந்தத் துண்டைக் கேட்டு. பெண்டாட்டியை எரித்த சாம்பலைப் பேரூர் ஆற்றில் கரைத்தாயிற்று. ஆஸ்பத்திரியில் வெட்டியெடுத்தது மட்டும் விட்டுப்போயிற்று. அதையும் கரைத்துவிட்டால் முழுசாகப் போய்ச் சேர்ந்துவிடுவாள் என்று ஒரு தூக்குப்போசியைக் கழுவிக் கொண்டுவந்திருந்தார். துண்டு இல்லை, படம்தான் இருக்கிறது என்று சாய்ப்ரியா திரையைக் காட்டினாள். அவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"ஏனுங்க அம்மணி, எங்க தோட்டத்த எதுக்குங்க படம் புடிச்சீங்க?"

சாய்ப்ரியா ரத்தக்குழாய் என்று குறித்து வைத்திருந்ததைக் கிணறு என்றார். வரிசை வரிசையாக நின்ற ஈரல் செல்களைத் தென்னை என்றார். மேல் மூலையில், கண்ணாடியில் புள்ளிகள் முடிந்துபோகிற இடத்துக்கு அந்தப் பக்கம் தாங்கள் குடியிருந்த சாளை வீடு என்றார். சாய்ப்ரியா போனில் அந்தத் தோட்டத்தின் சாட்டிலைட் படத்தைத் தேடி எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். வரப்புக்கு வரப்பு சரியாக இருந்தது. மஞ்சள் புள்ளி, பாத்திக்குப் பாத்தி தண்ணீர் திருப்புகிறவள் போல, ஒவ்வொரு மடையிலும் நின்று நின்று போனது. "அவதானுங்க. செத்தும் ஒரு எடத்துல உக்கார மாட்டீங்கறா பாருங்க" என்றார் பாலுசாமி. சொல்லிவிட்டு முகத்தைத் தோள்துண்டால் மூடிக்கொண்டார்.

அதன்பிறகு கறிக்காய் மார்க்கெட்டுக்கு வரும் நாளெல்லாம் ஆராய்ச்சிக்கூடத்துக்கும் வந்தார். பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றை அவருக்கென்று ஒதுக்கினார்கள். "வெயில்ல நிக்காத புள்ள" என்று திரையைப் பார்த்து அதட்டுவார். கூடத்தில் இருந்தவர்களுக்கு அது பழகிவிட்டது. அவருக்கும் சேர்த்து டீ சொன்னார்கள்.

ஆனால் பொழுது சாயும்போது புள்ளி வீட்டைப் பார்த்துத் திரும்பும். வேலிக்கு நடுவே போகும் இட்டேரித் தடம் வரைக்கும் வரும், நிற்கும், வந்த வழியே திரும்பிப் போகும். தடத்தை அடைத்துக்கொண்டு கறுப்பாக நின்றது நோய். "ஆனைக்கூட்டமுங்க" என்றார் பாலுசாமி. அவள் உயிரோடிருந்த காலத்தில் ஒருதரம் யானைகள் அப்படித்தான் மலையிலிருந்து இறங்கி வழிமறித்து நின்றன. இவர் பட்டாசு வெடித்து விரட்டிவிட்டு அவளைக் கூட்டிவந்தார். "இதுக்குள்ள பட்டாசு வெடிக்க முடியுமுங்களா, கண்ணு?"

முடியும். ஒவ்வொரு புள்ளியிலும் நோய்ச் செல்லின் பங்கைக் கழித்துவிட்டு மிச்சத்தைப் பார்ப்பது அங்கே அன்றாட வேலை. இந்த ஒரு படத்துக்கு மட்டும் சாய்ப்ரியா அதைச் செய்யாமல் தள்ளிப்போட்டிருந்தாள். "எடுத்துரலாமுங்கய்யா. ஆனா அவங்க ஊட்டுக்குள்ள போயிட்டாங்கன்னா, அங்க கண்ணாடில புள்ளி கெடையாதுங்க. அப்புறம் நமக்குத் தெரிய மாட்டாங்க."

அவர் எழுந்து போனார். ரெண்டு மூணு வாரம் ஆளைக் காணோம். நாற்காலியில் யாரோ பழைய பிரிண்டரை வைத்தார்கள். புள்ளி தினமும் தடம் வரைக்கும் வந்து திரும்பியது. பிறகு ஒரு சாயங்காலம் வந்தார், அதே தூக்குப்போசியோடு. தாடி வளர்ந்திருந்தது.

"எடுத்துப்போடுங்க அம்மணி. முட்டி வலிக்காரிங்க அவ. எத்தன நாளைக்குத்தான் நடப்பா?"

சாய்ப்ரியா பட்டனில் விரலை வைத்தபோது அவர் சொன்னார்: "அவ இருக்கறப்பவே இத அமுக்கியிருக்கலாமுங்களே."

"அப்ப இல்லீங்கய்யா. இப்பவும் படத்துக்கு மட்டுந்தானுங்க இருக்குது."

கறுப்பு ஒவ்வொன்றாக விலகியது. பெரியது முன்னால், குட்டிகள் நடுவில், மலைப்பக்கமாக. தடம் வெறிச்சென்று ஆனது. மஞ்சள் புள்ளி கொஞ்ச நேரம் நம்பாமல் நின்றது. அப்புறம் தடத்தில் ஏறி, மண்வெட்டியைச் சாய்த்து வைக்கிற நேரம், கால் கழுவுகிற நேரம் ஓரத்தில் நின்று, மூலையைத் தாண்டிப் போயிற்று. கிணறும் தென்னையும் அப்படியே இருந்தன. பாலுசாமி காலியான படத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மடைய அடைச்சுட்டுப் போனாளான்னு பாருங்க."

சாய்ப்ரியா பெரிதாக்கிப் பார்த்தாள். வாய்க்காலில் தண்ணீரின் நீலம் ஓடாமல் நின்றிருந்தது. "அடைச்சுட்டுத்தானுங்க போயிருக்காங்க."

"அப்பச் சரீங்க. வாரேனுங்க" என்று காலித் தூக்குப்போசியை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார்.

மெஷின் சூடு தணிந்துவிட்டது என்று மறுநாள் ஏசியைக் குறைத்துக்கொள்ளச் சொன்னார் கோவிந்தராஜுலு.