மரவள்ளிக் கஞ்சியும் மஞ்சள் முந்தானையும்

எழுபத்தெட்டில் என் தங்கை பார்பராவின் கல்யாணத்துக்குப் பினாங்கிலிருந்து வந்த வெள்ளைப்பட்டு, வெட்ட விரித்தால் மேசையில் நிற்கவே மாட்டேன் என்றது. அத்தனை வழுக்கல். கவுனுக்குச் சரியாக அளந்து வாங்கிய துணி, ஒரு சாண்கூட மிச்சமில்லை. கம்போங் ராஜா டவுன் தையல்காரர் தொட்டுப் பார்த்துவிட்டு ஒரு கும்பிடு போட்டார். எங்கள் எஸ்டேட் லயத்தில் துணி தைக்கும் அம்மாக்கண்ணு மட்டும், "கஞ்சி போட்டா அடங்கிரும்" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஏன்டி, கல்யாணத் துணி என்ன, துரை வீட்டு மேசை விரிப்பா? பாழாப் போனா என் தங்கச்சி எதைப் போட்டுக்கிட்டு நிப்பா?"

"கத்தாத லா, ரோசம்மா. மொதல்ல வேற பட்டுல போட்டு, வெட்டித் தச்சுப் பாக்குறேன்."

"இந்த மாதிரிப் பட்டு இந்த எஸ்டேட்ல எங்கடி இருக்கு?"

"இருக்கு" என்றாள். எங்கே என்று கேட்பதற்குள் வீட்டுக்குப் போய்விட்டாள். அழுத்தக்காரி.

அந்த வாரம் முழுக்க மலையில் மூடுபனி. சோற்றுக்கஞ்சி காயாமல் புளித்து நாறியதாம். கடைக் கஞ்சிப் பவுடர் திட்டுத் திட்டாக நின்றதாம். மரவள்ளி மாவைத் தண்ணீராகக் காய்ச்சி வடிகட்டிப் போட்டதுதான் சரிப்பட்டு வந்தது, அலசினால் சுத்தமாகப் போய்விடுகிறது என்று ஒரு காலையில் வந்து சொன்னாள். அதன்பிறகுதான் எங்கள் பட்டைத் தொட்டாள்.

கஞ்சியில் நனைத்து, ஈரம் முழுக்கப் போவதற்குள் இஸ்திரி போட்டாள். துணி அட்டை மாதிரி விறைத்துக்கொண்டது. கத்தரிக்கோல் போட்ட கோட்டை விட்டு நகரவில்லை, தையல் ஓரிடத்திலும் சுருங்கவில்லை. தைத்து முடித்து வெதுவெதுப்பான தண்ணீரில் அலசியதும் பட்டு பழையபடி குழைந்தது. அம்மாடி, என்ன கைடி அது! வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன்.

கல்யாணத்தன்று மாதா கோயில் வாசலுக்கு அம்மாக்கண்ணு மஞ்சள் பட்டுச் சேலையில் வந்தாள். தலைத் தீபாவளிக்கு அவள் புருஷன் முருகையா எடுத்துக் கொடுத்தது. நல்ல நாள் என்றால் அவளுக்கு அது ஒன்றுதான். முந்தானை தோளைத் தாண்டியதும் நின்றுவிட்டது. சரிகைக் கரையைக் காணோம்.

"அடிப்பாவி! இதையா வெட்டுன?"

"கத்தாத லா" என்று சிரித்தாள். "உன் துணியில ஒரு சாண் போனா பார்பரா கவுனுக்குக் கை இருக்காது. என் சேலையில போனா இழுத்துச் சொருகிக்குவேன்."

உள்ளே பார்பரா நடந்து போனாள். எல்லோரும் அவள் கவுனையே பார்த்தார்கள். நான் அந்தக் குட்டை முந்தானையை இழுத்து, அதிலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.