முழங்கைச் சேதி

“இனிமே இதைக் குப்பைன்னு சொல்லாதீங்க. இது வளம்” என்றுதான் என் பயிற்சியைத் தொடங்குவேன். குப்பை பிரிக்கும் அந்தக் கொட்டகையில் அப்படிச் சொன்னதும் பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது.

“அப்ப எங்க வீட்டுக்காரரையும் அதுல சேத்துக்கோங்க சார். மூணு வருஷமா கட்டில்லயே கெடக்கறாரு.”

எல்லோரும் சிரித்தார்கள். சொன்னவளைக் காதுக்காரி என்று கூப்பிட்டார்கள். பிளாஸ்டிக் கவரைக் காதருகே கசக்கி, சத்தத்தை வைத்தே என்ன ரகம் என்று சொல்லிவிடுவாள். தரையில் உட்கார்ந்து பிரிக்கும் வேலையில் அவளிடம் ஒரு பிழை கிடையாது. முதல் நாள் நான்தான் அவளிடம் பாடம் கேட்டேன்.

ஆனால் திங்கட்கிழமை முதல் தரை வேலை இல்லை. குப்பையைச் சுமந்து ஓடும் பெல்ட் வந்துவிட்டது. அதில் யாரை நிறுத்தலாம் என்று பட்டியல் தருவது என் பொறுப்பு. பட்டியலில் இல்லாதவர்களுக்கு வேலையும் இல்லை.

மூன்றாம் நாள் பெல்ட்டை ஓட்டிப் பார்த்தோம். அந்த இரைச்சலில் பக்கத்தில் நிற்பவர் பேசுவதே கேட்கவில்லை. காதுக்காரியும் அவளுடைய நாத்தனாரும் அடுத்தடுத்து நின்றார்கள். காதுக்காரி எதையும் காதருகே கொண்டுபோகவில்லை. ஆனாலும் அவள் எடுத்த ஒவ்வொன்றும் சரியான தொட்டியில் விழுந்தது. அருகே போய்ப் பார்த்தேன். நாத்தனாரின் முழங்கை அவள் விலாவில் ஒரு தரம் இடித்தால் இடப்பக்கத் தொட்டி, இரண்டு தரம் இடித்தால் வலப்பக்கம்.

பட்டியல் தாளை அவள் முகத்துக்கு முன் நீட்டினேன். தாளைத் தாண்டி எங்கோ பார்த்துச் சிரித்தாள்.

திரும்பிவந்து, அவள் பெயருக்கு நேரே சரி என்று குறித்தேன். அது பொய். கடவுள் மன்னிப்பார் என்று நினைத்தேன்.

சிறிது நேரத்தில் பெல்ட்டை நிறுத்தினார்கள். நாத்தனாரின் கிழிந்த கையுறை வழியாக உடைந்த பாட்டில் உள்ளங்கையை ஆழமாக வெட்டியிருந்தது. பெஞ்சில் உட்கார வைத்துக் கட்டுப் போட்டோம்.

“உன் கை எங்க இருக்குன்னு பாக்கமாட்டியா?” என்றாள் காதுக்காரி, கட்டைத் தடவியபடி.

“ஒரு கண்ணு உங்களுக்கு, ஒரு கண்ணு எனக்கு. பங்கு கொஞ்சம் தப்பிடுச்சு. விடுங்க அண்ணி.”

காதுக்காரி சிரிக்கவில்லை. என் செருப்புச் சத்தம் வந்த பக்கம் திரும்பினாள்.

“என் பேரை அடிச்சிடுங்க சார்.”

“பொறுங்கம்மா. பேசிப் பாக்கறேன்.”

பேசினேன். ஒரு மூலையில் உட்கார்ந்து கவர்களை மட்டும் பிரிக்கட்டுமே என்று கேட்டேன். மேற்பார்வையாளர் கெட்டவர் அல்ல. அவருக்கே சங்கடமாக இருந்தது.

“கொட்டகை வரைபடத்துல அப்படி ஒரு மூலையே இல்ல சார். நீங்க போட்டுக் குடுத்த வரைபடம்தானே.”

திரும்பிவந்து பெயரை அடித்தேன்.

“அண்ணனுக்கு மருந்து?” என்றாள் நாத்தனார் மெல்ல.

“உன் கை இருக்கில்ல. ரெண்டையும் முழுசா வச்சுக்கோ, போதும்.”

காதுக்காரி தன் கையுறைகளைக் கழற்றினாள். அவற்றில் கிழிசல் இல்லை. நாத்தனாரின் கட்டுப்போட்ட கையைத் தேடிப் பிடித்து, வலிக்காமல் ஒவ்வொரு விரலாக நுழைத்துவிட்டாள். நான் தினமும் பிரார்த்திக்கிறவன். அன்று என்ன கேட்பதென்று தெரியவில்லை. அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை பெல்ட் ஓடியது. நாத்தனார் அண்ணியின் கையுறைகளோடு நின்றாள். பக்கத்து இடம் காலியாக இருந்தது. ஒரு கவர் வந்தது. அவள் முழங்கை பழக்கத்தில் இரண்டு தரம் பக்கவாட்டில் அசைந்து, காற்றை இடித்தது.