இரண்டாவது வாசல்

வேலை செய்யும் இடத்தில் அவளுக்கு வைத்திருந்த பெயர் சக்கரம். அவள் உட்கார்ந்து ஒரு வாய் டீ குடித்து யாரும் பார்த்ததில்லை. நடந்துகொண்டே பாதி குடிப்பாள், மீதியைக் கோப்பையோடு எங்காவது வைத்துவிட்டுப் போய்விடுவாள். ஆறிப்போன கோப்பை ஜன்னல் விளிம்பிலோ பிரிண்டர் தலையிலோ கிடைத்தால், "சக்கரம் இந்தப் பக்கமா உருண்டிருக்கு" என்று சிரிப்பார்கள்.

அது அவசர உதவிக்கான அழைப்பு மையம். மாடியில் ஒரு நீளக் கூடம். அதில் வரிசையாக மேஜைகள், ஒவ்வொன்றிலும் ஒலிவாங்கி வைத்த ஹெட்ஃபோனைக் காதில் மாட்டிய ஒருவர். ஊரில் எங்கே யார் மயங்கி விழுந்தாலும் முதலில் இவர்கள்தான் பேசுவார்கள். ஆம்புலன்ஸ் போய்ச் சேரும்வரை என்ன செய்ய வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருப்பார்கள். அந்தக் குரல்கள் உள்ளே வருகிற கம்பிகளையும் பெட்டிகளையும் பார்த்துக்கொள்வது சக்கரத்தின் வேலை. கூடத்தின் மூன்றாவது மேஜையில் அவளுடைய தங்கை இருந்தாள். எல்லோருக்கும் அவள் சின்னவள். அக்காவும் அக்கா கணவரும் இருந்த வீட்டிலேயே அவளும் இருந்தாள்.

கோடை தொடங்கும்போது ஒருநாள் காலையில் அது நடந்தது. ஒரு பெண் அழைத்தாள். சமையலறையில் கணவர் விழுந்து கிடக்கிறார், மூச்சு இல்லை. சின்னவள் வண்டியை அனுப்பச் சொல்லிவிட்டு, நெஞ்சில் கைவைத்து அழுத்தச் சொல்லிக்கொடுத்தாள். "என்கூடவே எண்ணுங்கம்மா. ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு." அந்தப் பெண்ணும் மூச்சு வாங்க எண்ணினாள். நடுவில் சத்தம் நின்றது. தெருமுனையில் பள்ளம் தோண்டிய இயந்திரம் கேபிளைக் கடித்துவிட்டது. கூடம் முழுக்க ஊமையாயிற்று. சின்னவளுக்கு அது புரியவில்லை. அவள் எண்ணிக்கொண்டே இருந்தாள். பக்கத்து மேஜைக்காரர் வந்து தோளைத் தொட்ட பிறகுதான் நிறுத்தினாள்.

புதிய அழைப்புகளைப் பக்கத்து மையம் எடுத்துக்கொண்டது. ஆனால் பேசிக்கொண்டிருந்த அழைப்புகள் அறுந்தது அறுந்ததுதான். கம்பி திரும்ப வந்ததும் சின்னவள் அந்த எண்ணை அழைத்தாள். மணி அடித்தது, யாரும் எடுக்கவில்லை. அந்த மனிதர் பிழைத்தாரா இல்லையா என்று கூடத்துக்கு யாரும் சொல்வதில்லை. அது வழக்கம். அன்றிலிருந்து சின்னவள் வீட்டில் பேச்சைக் குறைத்துக்கொண்டாள். சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து விரலால் மேஜையைத் தட்டிக்கொண்டிருப்பாள்.

மேலிடம் அசைந்தது. வேறொரு கம்பெனியிடமிருந்து இரண்டாவது கேபிள் வந்தது, கூடத்தையும் கேபிளையும் இணைக்கிற பெட்டியான ரௌட்டரிலும் இரண்டாவது ஒன்று வந்தது. சக்கரம் அதை ஒற்றை ஆளாகப் பொருத்தினாள். ஏற்பாடு சுலபமாகப் புரியக்கூடியதுதான். கூடத்துத் தொலைபேசிகளுக்கு வெளியே போக ஒரே வாசல், அதற்கு ஒரே முகவரி. அந்த முகவரியை முதல் ரௌட்டர் வைத்திருக்கும். "நான் இருக்கேன், நான் இருக்கேன்" என்று விடாமல் இரண்டாவதிடம் சொல்லிக்கொண்டும் இருக்கும். அந்தச் சொல் நின்றுபோனால் இரண்டாவது அதே முகவரியைத் தான் எடுத்துக்கொள்ளும். வாசற்காரன் மாறியது தொலைபேசிகளுக்குத் தெரியவே தெரியாது.

சோதனையும் செய்தாள். கண்காணிப்பாளர் பக்கத்தில் நிற்க, முதல் ரௌட்டரின் மின்சாரத்தை அணைத்தாள். இரண்டாவது உடனே எடுத்துக்கொண்டது. கண்காணிப்பாளர் வழுக்கையைத் தடவிக்கொண்டு, "பிரமாதம்மா. இனிமே நான் நிம்மதியாத் தூங்குவேன்" என்றார். கூடத்தில் கைதட்டினார்கள். சின்னவள் மட்டும் திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி திரையைப் பார்த்தாள்.

அவர் தூங்கினாரோ என்னவோ, சக்கரத்துக்கு இருப்புக்கொள்ளவில்லை. என்னமோ ஒன்று பல்லில் சிக்கிய நார் மாதிரி உறுத்தியது. ஞாயிற்றுக்கிழமை வீட்டு மொட்டைமாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவள், ஈரச் சட்டை கையிலேயே இருக்க, அப்படியே நின்றுவிட்டாள்.

"என்ன, தேள் கொட்டிடுச்சா?" என்று கேட்டார் கணவர். அவர் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். கொடியின் அந்தப் பக்கம் கிளிப்போடு நின்றிருந்தார்.

"அன்னிக்கு ரௌட்டர் சாகலைங்க."

"எது சாகலை?"

"பெட்டி நல்லாத்தான் இருந்தது. பச்சை விளக்குகூட எரிஞ்சுட்டிருந்தது. நான் என் கண்ணால பார்த்தேன். போனது தெருவுல. நான் சோதிச்சது பெட்டி செத்தா என்ன ஆகும்னு. தெருவுல போனா, அது பாட்டுக்கு 'இருக்கேன் இருக்கேன்'னு சொல்லிக்கிட்டே நிக்கும். இரண்டாவதும் அதை நம்பிக்கிட்டுச் சும்மா இருக்கும். பேசறதெல்லாம் பள்ளத்துல போய் விழும்."

"அப்போ கைதட்டினாங்களே?"

"கைதட்டினது தப்பான சோதனைக்கு. நீங்க வேற."

திங்கட்கிழமை அவள் முதல் ரௌட்டருக்குப் புது வேலை கொடுத்தாள். வெளியே தூரத்தில், தலைமை நிலையத்தில் இருக்கும் முகவரியைத் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். அங்கிருந்து பதில் வரவில்லையென்றால், விளக்கு எரிந்தாலும் சரி, எரியாவிட்டாலும் சரி, வாசலில் யார் முதலில் நிற்பது என்பதைத் தீர்மானிக்கிற தன் தரத்தை அது தானே குறைத்துக்கொள்ள வேண்டும். தரம் இறங்கினால் இரண்டாவது முன்னுக்கு வரும். எழுதி முடித்துவிட்டுக் கண்காணிப்பாளரிடம் போனாள்.

"கேபிளை வெளியில இருந்து பிடுங்கிப் பார்க்கணும் சார்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "ஓடற வண்டிக்கு எதுக்கும்மா சக்கரத்தைக் கழட்டிப் பார்க்கணும்?" என்றவர், சொன்னபிறகு அவளுடைய பட்டப்பெயர் நினைவுக்கு வந்து இருமினார்.

"ஓடுதான்னே தெரியாது சார்."

"பிடுங்கும்போது யாராவது உயிருக்குப் போராடிக்கிட்டுப் பேசிட்டிருந்தா? பதில் நான் சொல்லணும்."

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அவள் வெளியே வந்தாள், தண்ணீர்க் குழாய்வரை நடந்தாள், திரும்பி அவர் அறைக்கே போனாள். மறுநாளும் போனாள். கடைசியில் அவர் வழிக்கு வந்தார். சோதனை நேரத்துக்கு எல்லா அழைப்புகளையும் பக்கத்து மையத்துக்குத் திருப்பிவிடுவது, இங்கே ஒரே ஒரு பொய் அழைப்பு மட்டும் வைத்துக்கொள்வது. பேசுகிற ஆள் வெளியாளாக, இடைவிடாமல் பேசுகிறவராக இருக்க வேண்டும்.

"என் வீட்டுக்காரர் இருக்கார் சார். பேச ஆரம்பிச்சா நிறுத்த மாட்டார்."

அந்த அழைப்பைச் சின்னவள் எடுக்கட்டும் என்று சொன்னதும் சக்கரம்தான். இந்தக் கோளாறால் அதிகம் அடிபட்டவள் தங்கை. அது சரியாவதை அவள் தன் காதாலேயே கேட்கட்டும் என்று நினைத்தாள்.

புதன்கிழமை மதியம் கூடம் அமைதியாக இருந்தது. கேபிள் கம்பெனி ஆள் கீழ்த்தள அறையில் கையைத் தயாராக வைத்துக்கொண்டு நின்றார். சின்னவள் ஒலிவாங்கியை மாட்டிக்கொண்டாள். எல்லோரும் கேட்கட்டும் என்று ஒலிபெருக்கியும் போட்டிருந்தார்கள்.

"வணக்கம், அவசர உதவி. சொல்லுங்க."

"நான்தாம்மா, மாமா. என்ன பேசறதுன்னு உங்க அக்கா சொல்லவே இல்லை. வாய்ப்பாடு சொல்றேன், போதுமா? நடுவுல எது விட்டுப்போச்சுன்னு உடனே கண்டுபிடிச்சிடலாம்." அவர் தொண்டையைக் கனைத்தார். "ஒரு பதினேழு பதினேழு. இரண்டு பதினேழு முப்பத்தி நாலு. மூணு பதினேழு அம்பத்தி ஒண்ணு."

கூடத்தில் சிரிப்பு எழுந்தது. சக்கரம் கைப்பேசியில் கீழே இருந்தவரிடம், "இப்போ" என்றாள்.

"நாலு பதினேழு அறுபத்தி எட்டு. அஞ்சு பதினேழு..."

சத்தம் நின்றது.

ஒரு நொடி, இரண்டு நொடி என்று போனது. சக்கரம் திரையைப் பார்த்தாள். முதல் ரௌட்டர் தன் தரத்தைக் குறைத்துக்கொண்டுவிட்டது. அதுவரை சரி. ஆனால் இரண்டாவது அசையவில்லை. ஒலிபெருக்கியில் காற்றுகூட இல்லை. சக்கரம் நிமிர்ந்தபோதுதான் தங்கையின் முகத்தைப் பார்த்தாள். சின்னவளின் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. சத்தம் வராமல் அவள் எண்ணிக்கொண்டிருந்தாள். பிறகு ஒலிவாங்கியைக் கழற்றி, உடைந்துவிடுமோ என்பதுபோல மெதுவாக மேஜைமேல் வைத்துவிட்டு எழுந்து போனாள்.

"திரும்பச் சொருகச் சொல்லு" என்றார் கண்காணிப்பாளர். அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

சின்னவள் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள். சக்கரம் இரண்டு படி கீழே நின்றாள்.

"எண்ணுற விஷயம்னு எனக்குத் தோணவே இல்லடி. சத்தியமா."

"உனக்கு எதுதான் தோணுது? கம்பி, பெட்டி, கம்பி, பெட்டி."

"உனக்காகத்தான் செஞ்சேன்."

"எனக்காகச் செய்யாதே. ஊருக்காகச் செய்."

சக்கரம் ஒரு படி இறங்கினாள், திரும்ப ஏறினாள். போகவும் மனமில்லை, நிற்கவும் முடியவில்லை. கைப்பிடிக் கம்பியில் உரிந்த பெயிண்டை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள். சின்னவளே, "போ. போய் என்ன தப்புன்னு பாரு. இங்க நின்னு அதையும் உரிச்சு முடிக்கப் போறியா?" என்றாள்.

தப்பு இரண்டாவது ரௌட்டரில் இருந்தது. முதல் ரௌட்டர் இறங்கிவிட்டது என்று அதற்குத் தெரிந்திருந்தது. தன் தரம் இப்போது உயர்ந்தது என்றும் தெரிந்திருந்தது. ஆனாலும் உயிரோடு இருக்கிற ஒருவனைத் தள்ளிவிட்டு முன்னால் போகலாம் என்று அதற்கு யாரும் அனுமதி கொடுக்கவில்லை. அந்த அனுமதி ஒரே ஒரு வரிதான். முதல் ரௌட்டரில் அதை எழுதியிருந்தாள், இரண்டாவதில் விட்டிருந்தாள். பெட்டி செத்தபோது தள்ள வேண்டிய அவசியமே இல்லாததால் அந்தக் குறை வெளியே தெரியவில்லை. அவள் அந்த வரியை எழுதினாள். இது உண்மையான நாளில் தெரிந்திருந்தால் என்ற நினைப்பு அவளை நாற்காலியைவிட்டு எழுப்பி, அறைக்குள்ளேயே மூன்று சுற்றுச் சுற்ற வைத்தது.

கண்காணிப்பாளரிடம் போய் உள்ளதை உள்ளபடி சொன்னாள். "என் தப்பு சார். ஆனா இன்னிக்கே தெரிஞ்சது. இன்னொரு தடவை பிடுங்கணும்."

அவர் பேனாவை மூடி வைத்தார். "உன்கிட்ட 'வேணாம்'னு சொன்னா நாளைக்கும் வருவே. வாம்மா, இப்பவே முடிச்சிடு."

இந்த முறை ஒலிவாங்கியை அவளே மாட்டிக்கொண்டாள். கணவரிடம், "வாய்ப்பாடு வேணாம். வேற ஏதாவது பேசுங்க" என்றாள்.

"என்ன பேசறது?"

"என்னைத் திட்டுங்க."

அதற்கு அவருக்குப் பஞ்சமே இல்லை. ஆறிப்போன டீயில் ஆரம்பித்து, பாதியில் விட்ட துணியைக் கடந்து, "ஒரு இடத்துல ஒழுங்கா உட்கார்ந்து..." என்று வந்துகொண்டிருந்தபோது கீழே கேபிளைப் பிடுங்கினார்கள். ஒரு சின்ன மௌனம். மூச்சை இழுத்துப் பிடித்து விடுகிற அளவுதான். "...கல்யாணத்தன்னிக்கே எங்க அம்மா சொன்னாங்க" என்று அவர் தொடர்ந்தார். தன் பேச்சில் ஓட்டை விழுந்ததே அவருக்குத் தெரியவில்லை. கூடம் சிரித்தது. கண்காணிப்பாளரும் சிரித்தார். சக்கரம் ஒலிவாங்கியைக் கழற்றிவிட்டு மூன்றாவது மேஜையைப் பார்த்தாள். அங்கே யாரும் இல்லை.

அந்த வாரக் கடைசியில் சின்னவள் அதே மாடியில் இருந்த, வண்டிகளை அனுப்பும் பிரிவுக்கு மாற்றல் வாங்கிக்கொண்டாள். அங்கே ஓட்டுநர்களோடு மட்டும்தான் பேச்சு. வீட்டில் தட்டு கழுவும்போது அதைச் சொன்னாள்.

"இப்போதான் எல்லாம் சரியாயிடுச்சே" என்றாள் சக்கரம்.

"உன் பக்கம் சரியாயிடுச்சு. இனிமே யாருக்கும் அறுந்துபோகாது. நல்லதுதான். ஆனா அந்த அம்மாவுக்கு அறுந்துபோச்சு இல்லையா? அதை எந்தப் பெட்டி வச்சுச் சரிபண்ணுவே?"

சக்கரம் துணியை எடுத்துத் தட்டுகளைத் துடைத்தாள், எல்லாவற்றையும் துடைத்து முடிக்கும்வரை தங்கையின் பக்கத்திலேயே நின்றாள். அக்கா அப்படி ஒரு வேலையை முடித்துச் சின்னவள் பார்த்தது அரிது.

கேபிள் மறுபடி அறுந்தது மழை தொடங்கும் சமயத்தில், ஒரு சாதாரண முற்பகலில். சக்கரத்தின் திரையில் ஒரு வரி சிவப்பானது, அடுத்த வரி பச்சையானது. அவள் கூடத்துக்கு ஓடினாள். மூன்றாவது மேஜையில் வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி, குழந்தைக்குக் காய்ச்சலில் வலிப்பு வந்துவிட்டது என்று அழும் ஒரு தகப்பனிடம், "பக்கவாட்டுல படுக்க வைங்க. வாய்ல எதையும் வைக்காதீங்க. நான் இங்கதான் இருக்கேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். யாரும் தலையைத் தூக்கவில்லை. நடந்தது யாருக்கும் தெரியவில்லை. சக்கரம் கொஞ்ச நேரம் நின்றாள். யாரிடமாவது சொல்ல வேண்டும்போல இருந்தது. எல்லோரும் வேலையாக இருந்தார்கள்.

எங்கே அறுந்தது என்று பார்க்கக் குடையில்லாமல் தெருவுக்கு இறங்கினாள். கட்டடத்தின் பின்பக்கம் குழாய் பதிக்கிறவர்கள் தோண்டியிருந்தார்கள். பள்ளத்துக்குள் கறுப்புக் கேபிள் இரண்டு துண்டாகக் கிடந்தது. அதற்கு ஒரு சாண் தள்ளி, அதே மண்ணில், இன்னொரு கேபிள் முழுசாக ஓடியது. அதன் மேலிருந்த கம்பெனிப் பெயரைக் குனிந்து படித்தாள். இரண்டாவது கம்பெனியின் பெயர்.

இரண்டு ரௌட்டர், இரண்டு கம்பெனி, ஆனால் ஒரே பள்ளம்.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்கம்மா" என்றார் இயந்திரத்தில் இருந்தவர். "இந்தப் பக்கமும் எடுக்கணும்."

"எடுக்கக் கூடாது."

"யாரு நீங்க?"

"மாடியில ஆள் பேசிட்டிருக்காங்க. இந்தக் கம்பியிலதான் பேசிட்டிருக்காங்க. இதுக்குமேல ஒரு பிடி மண்ணு எடுக்கக் கூடாது."

அவர் மேஸ்திரியைக் கூப்பிட்டார். மேஸ்திரி இன்னொருவரை ஃபோனில் கூப்பிட்டார். சக்கரம் கண்காணிப்பாளருக்கு ஃபோன் செய்து, இரண்டும் ஒரே பள்ளத்தில் வருகிறது, ஒன்றை வேறு தெரு வழியாகக் கொண்டுவந்தாக வேண்டும் என்று மூச்சுவிடாமல் சொன்னாள். அவர் கேபிள் கம்பெனி ஆட்களோடு வருவதாகச் சொன்னார். மழை வலுத்தது. அவள் பள்ளத்தின் விளிம்பைவிட்டு நகரவில்லை. எங்கேயும் போகாமல், செருப்பு சேற்றில் புதைய, நின்றாள்.

காலை ஷிஃப்ட் முடிந்து கீழே வந்த சின்னவள் அவளைப் பார்த்துவிட்டுக் குடையோடு வந்தாள். பள்ளத்துக்குள் எட்டிப் பார்த்தாள். குடையை அக்காவின் தலைக்கு மேல் பிடித்தாள்.

"எப்போ வருவாங்க?"

"வரேன்னு சொல்லியிருக்காங்க."

"அதுவரைக்கும் நிப்பியா?"

"நிப்பேன்."

சின்னவள் கைப்பையைத் தோளில் ஏற்றிப் போட்டுக்கொண்டாள். இயந்திரக்காரரைப் பார்த்து, "அண்ணே, எஞ்சினை அணைச்சிடுங்க. நேரமாகும்" என்றாள்.