முழு மார்க்

கொசு மருந்து அடிக்கும் இயந்திரத்தை வெளியே இழுத்துத் தள்ளிவிட்டு, ஆயா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். 'மனநல ஆலோசனை அறை' என்று கதவின் மேல் பலகை மாட்டியதோடு சரி. உள்ளே உடைந்த கட்டிலும் காலி டப்பாக்களும்தான் குடியிருந்தன. இன்று அந்த அறையை அவள் ஒரு கை பார்த்துவிட்டாள்.

"அக்கா, நாற்காலிய எங்க போட?" தம்பி கேட்டான்.

"சன்னலோரமா போடுடா. உக்காந்து பேசறவங்க மூஞ்சி தெரியணும்ல."

மாத்திரை நின்றதிலிருந்து அவனுக்குத் தூக்கமில்லை. மரக்கடையில் வார்னிஷ் அடிக்கிற நல்ல கை. சுவரோடு பேசுகிறான் என்று முதலாளி வீட்டுக்கு அனுப்பிவிட்டார். சுகாதார நிலையத்தைக் கூட்டிப் பெருக்குகிறவளின் தம்பிக்கே இங்கே மருந்து இல்லை என்று நினைத்தால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஆனால் டாக்டர் சொன்னது வயிற்றில் பால் வார்த்திருந்தது. மனநலத் திட்டம் எங்கெங்கே ஒழுங்காக நடக்கிறது என்று பார்த்து மார்க் போட ஒரு அம்மா வருகிறாளாம். "நல்ல மார்க் வாங்கிட்டா மாசாமாசம் மாத்திரை வந்துடும் ஆயா." காலையிலேயே ஒரு பெட்டி வந்து அலமாரியில் உட்கார்ந்துவிட்டது. இனி என்ன கவலை!

"மாத்திரை கிடைக்குதான்னு கேட்டா என்னடா சொல்லுவ?"

"கிடைக்குதுன்னு."

"அப்படிச் சொல்லு என் ராசா. அப்பதான் குடுப்பாங்க."

மார்க் போடும் அம்மா நல்ல மாதிரிதான். வந்ததும் ஆயாவுக்குக்கூட வணக்கம் சொன்னாள். அறையைப் பார்த்தாள், பெட்டியைத் திறந்து பார்த்தாள், தம்பியின் பக்கத்தில் உட்கார்ந்தாள். "இங்க மாத்திரை கிடைக்குதாப்பா?"

தம்பி பெட்டியையே பார்த்தான். "கிடைக்குது."

"பிரமாதம். முழு மார்க்!"

ஆயாவுக்குத் தலைகால் புரியவில்லை. "அப்ப மாசாமாசம் வந்துடுங்களாம்மா?"

"உங்ககிட்டதான் எல்லாம் இருக்கே! இல்லாத ஊருக்குத்தான் முதல்ல அனுப்பச் சொல்லுவேன்."

ஆயா வாயைத் திறந்தாள். டாக்டர் தொண்டையைச் செருமினார். வருஷா வருஷம் அவர் கையெழுத்துப் போட்டால்தான் அவளுக்கு வேலை. வாயை மூடிக்கொண்டாள்.

ஜீப் கிளம்பியதும் மருந்தாளுநர் பெட்டியைத் தூக்கிப்போய் பைக்கின் பின்சீட்டில் கட்டினார்.

"ஐயா, அதை எங்க கொண்டு போறீங்க?"

"இது இரவல் பெட்டி ஆயா. நாளைக்கு அந்தம்மா அடுத்த ஊருக்குப் போறாங்க. அவங்களுக்கு முன்னாடி இது அங்க போய்ச் சேரணும்ல?"

பைக் புகையைக் கக்கிக்கொண்டு போனது. அவள் அறைக்குத் திரும்பினாள். சன்னலோர நாற்காலியில் தம்பி ஒரு கையில் தண்ணீர் டம்ளருடன், மறு கையை விரித்து நீட்டியபடி உட்கார்ந்திருந்தான்.

"சொல்லிட்டேன்கா," என்றான். "குடு."